தானாக அணைந்து எழும் லேப்டாப்: மதர்போர்டை மாற்றும் முன்

கேள்வி: என் லேப்டாப் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. விண்டோஸ் 11 இருக்கிறது. ஐந்து மாதங்களாக, நினைத்த நேரத்தில் தானாக அணைந்து மீண்டும் தொடங்குகிறது. சில நாள் மூன்று முறை நடக்கும். சில சமயம் நான்கு நாள்வரை ஒன்றும் இருக்காது. பெரும்பாலும் வேர்டில் தட்டச்சு செய்யும்போதுதான் நடக்கிறது. ஒரே ஒரு முறை நீலத் திரை கண்ணில் பட்டு மறைந்தது. மற்ற நேரங்களில் திரை கறுத்து, நிறுவனத்தின் முத்திரை வந்துவிடுகிறது. எட்டு மாதங்களுக்கு முன் கூடுதலாக 8 ஜிபி ரேம் போட்டேன். அது நன்றாகத்தான் வேலை செய்கிறது. பழுதுபார்ப்பவர் ஒருவர் மதர்போர்டு போய்விட்டது என்றார். இன்னொருவர் விண்டோஸைப் புதிதாகப் போட்டுத் தந்தார். ஐந்து நாள் நன்றாக ஓடியது, ஆறாம் நாள் பழையபடி ஆகிவிட்டது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் கடைசி இயல்களை எழுதிக்கொண்டிருக்கிறேன். மதர்போர்டை மாற்றுவதா, வேறு லேப்டாப் வாங்குவதா?

— ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: இரண்டும் வேண்டாம், இப்போதைக்கு. முதலில் ஆய்வேட்டைக் காப்பாற்றுவோம்.

இதைப் படித்து முடிக்கும் முன்பே ஆய்வேட்டின் கோப்புகள் முழுவதையும் ஒரு வெளி டிரைவில் நகல் எடுங்கள். இணையச் சேமிப்பில் இன்னொரு நகல் வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் அறுந்தாற்போல் கணினி நின்றால் அந்தக் கோப்பே கெட்டுப்போகலாம். வேர்டின் தானியங்கிச் சேமிப்பு ஓரளவு உதவும் என்றாலும் அதை மட்டும் நம்பியிருக்காதீர்கள். அடுத்து, உங்கள் லேப்டாப்பில் டிரைவ் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸ் 11 உள்ள பல லேப்டாப்களில் அது தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும், உரியவருக்கே தெரிந்திருக்காது. பிட்லாக்கர் எனப்படும் அந்தப் பூட்டின் மீட்புச் சாவி 48 இலக்கங்கள் கொண்டது. பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அதைக் கண்டெடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டை மாற்றினாலோ, கணினி எழும்போது விண்டோஸுக்கு முன்பே இயங்கும் பயாஸ் என்ற அடிப்படை நிரலின் அமைப்புகளில் கைவைத்தாலோ, டிரைவைக் கழற்றி வேறு கணினியில் போட்டாலோ கணினி அந்தச் சாவியைக் கேட்கும். சாவி இல்லையென்றால் பழுது நீங்கிய கணினி கையில் இருக்கும். உள்ளே இருக்கும் ஆய்வேடு கிடைக்காது. அப்படி வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஆறுதல் தவிர ஒன்றும் இருந்ததில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் சொன்னவற்றில் இரண்டு செய்திகள், எதையோ நிரூபிப்பதுபோல் தோன்றினாலும், எதையும் நிரூபிக்கவில்லை. ஒன்று, மதர்போர்டு போய்விட்டது என்ற முடிவு. எந்தச் சோதனையின் பேரில் அப்படிச் சொன்னார் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவரும் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். மற்றெல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விலக்கிய பிறகு மிஞ்சுவதுதான் மதர்போர்டு. மற்றொன்று, விண்டோஸைப் புதிதாகப் போட்டபின் ஐந்து நாள் நன்றாக ஓடியது. ஒன்றும் செய்யாமலேயே உங்கள் லேப்டாப் நான்கு நாள் நன்றாக ஓடும் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நான்குக்கும் ஐந்துக்கும் உள்ள இடைவெளியை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. விட்டுவிட்டு வரும் கோளாறில் எதையாவது மாற்றிப் பார்த்தால், இதுவரை கண்ட மிக நீண்ட அமைதியைப்போல் மூன்று மடங்கு காலமாவது காத்திருக்க வேண்டும். உங்களுக்கு அது இரண்டு வாரம். அதுவரை வேறு எதையும் மாற்றக்கூடாது. ஒரே நாளில் ரேமைத் துடைத்து, டிரைவரை (வன்பொருளை விண்டோஸ் இயக்க உதவும் நிரலை) புதுப்பித்து, சார்ஜரையும் மாற்றினால் கோளாறு போகலாம். எதனால் போனது என்பது தெரியாது, திரும்பி வந்தால் மறுபடி தொடக்கத்திலிருந்து தேட வேண்டும்.

லேப்டாப் தானாக அணைகிறது என்றாலே பலரும் முதலில் சொல்வது சூடு. உங்கள் விஷயத்தில் சூட்டின் மேல் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. இன்றைய புராசஸர்கள் சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது முதலில் தம் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதையும் மீறிச் சூடு ஏறினால் தம்மைக் காத்துக்கொள்ள மின்சாரத்தைத் துண்டிக்கும். அப்படித் துண்டித்த கணினி பொதுவாக அணைந்தே கிடக்கும். நீங்கள் பொத்தானை அழுத்தினால்தான் எழும். உங்களுடையது தானாகவே எழுகிறது. அதுவும் காணொளித் தொகுப்பு போன்ற கனமான வேலையில் இல்லாமல், வேர்டில் எழுதும்போது நிகழ்கிறது. சூட்டினால் வரும் கோளாறு விசிறி இரைந்துகொண்டிருக்கும்போது வரும்.

ஆனாலும் நான்கு ஆண்டு ஆன லேப்டாப்பைத் திறந்தால் நான் முதலில் பார்க்கும் இடம் விசிறிதான். விசிறிக்கும், அது காற்றை ஊதும் மெல்லிய உலோகத் தகடுகளுக்கும் நடுவில் தூசு சேர்ந்து சேர்ந்து கம்பளித் துணிபோல் இறுகியிருக்கும். ஓரத்தை நகத்தால் நெம்பினால் ஒரே பாயாக உரிந்து வரும். வெளியிலிருந்து காற்றை ஊதினால் அது போகாது. இன்னும் உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். விசிறியைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். எப்படியும் ரேமைப் பார்க்க அடிமூடியைத் திறக்கப்போகிறோம். அப்போது இதையும் செய்துவிடச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்திய வரி, அந்த ஒரு முறை நீங்கள் பார்த்த நீலத் திரை. அது வந்தது என்றால், அந்த முறையாவது மின்சாரம் அறுபடவில்லை. விண்டோஸ் தன் உள்ளே ஒரு பெரும் தவறைக் கண்டுபிடித்து, மேற்கொண்டு போனால் தரவு கெடும் என்று தானே நின்றிருக்கிறது. காரணத்தையும் திரையில் எழுதியிருக்கும். நீங்கள் படிப்பதற்குள் மறைந்ததற்குக் காரணம், தவறு நேர்ந்தால் உடனே மறுதொடக்கம் செய்யும்படி விண்டோஸ் அமைக்கப்பட்டிருப்பதுதான். அதை நிறுத்திவிடலாம். ஸ்டார்ட் தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று ஆங்கிலத்தில் தேடுங்கள். திறக்கும் பெட்டியில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி' என்ற பகுதியின் செட்டிங்ஸ் பொத்தானை அழுத்தி, 'ஆட்டோமேட்டிகலி ரீஸ்டார்ட்' என்பதற்கு எதிரே உள்ள குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை அந்தத் திரை அப்படியே நிற்கும். கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு, பிறகு பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள்: 2025-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்புகளிலிருந்து அந்தத் திரையின் நிறம் நீலத்திலிருந்து கறுப்பாக மாறியிருக்கிறது. "திரை கறுத்தது" என்று நீங்கள் எழுதியவற்றில் சில, படிக்க நேரம் கிடைக்காத அதே எச்சரிக்கைத் திரையாகவும் இருக்கலாம்.

இந்த மாற்றத்துக்குப் பிறகும் எந்த எழுத்தும் இல்லாமல் கறுத்து, தானாகவே எழுந்தால், அது வேறு வகை. விண்டோஸுக்குத் தெரிவதற்கு முன்பே கீழேயுள்ள வன்பொருளோ மின்சாரமோ அறுந்துவிட்டது என்று பொருள். எந்த வகை எத்தனை முறை வந்தது என்று ஒரு நோட்டில் குறித்துவருவது, எந்தப் பழுதுபார்ப்பவரிடம் போனாலும் உங்களுக்குக் கைகொடுக்கும். தேதி, நேரம், சார்ஜர் மாட்டியிருந்ததா, லேப்டாப் மேசையில் இருந்ததா மடியில் இருந்ததா, கையால் நகர்த்தினீர்களா, என்ன திரை வந்தது. அவ்வளவு போதும்.

நடந்து முடிந்தவற்றுக்கும் கணினி ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. தேடல் பெட்டியில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்பது வரும். நாள்வாரியாகக் கட்டங்கள் இருக்கும். கோளாறு நேர்ந்த நாளில் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். விண்டோஸைப் புதிதாகப் போட்ட பிறகான நாள்கள் மட்டும்தான் கிடைக்கும், அதுவே போதுமானது. விவரமாகப் பார்க்க 'ஈவென்ட் வியூவர்' என்பதைத் திறந்து, விண்டோஸ் லாக்ஸ் என்பதன் கீழ் சிஸ்டம் பகுதிக்குப் போங்கள்.

அங்கே 'கெர்னல்-பவர்' என்ற பெயரில் 41 என்ற எண்ணுடன் சிவப்பு வரிகள் இருக்கும். இந்த வரி எத்தனையோ பேரைத் தேவையில்லாத செலவில் இறக்கியிருக்கிறது. அதனால் இதைச் சற்று நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன். பவர் என்ற சொல்லைப் பார்த்தவுடன் மின்சாரக் கோளாறு என்று முடிவுகட்டி, சார்ஜரையும் பேட்டரியையும் மாற்றிவிடுகிறார்கள். அந்த வரி கோளாறு நேர்ந்த கணத்தில் எழுதப்பட்டதே அல்ல. மறுபடி எழுந்த பிறகு விண்டோஸ் திரும்பிப் பார்த்து, "போன முறை நான் முறையாக அணைக்கப்படவில்லை" என்று எழுதிக்கொண்ட குறிப்பு அது. மின்தடையானாலும், நீலத் திரையானாலும், உறைந்துபோய் நீங்களே பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் அதே 41-தான் வரும்.

காரணம் அந்த வரியின் உள்ளே இருக்கிறது. அதன் 'டீடெயில்ஸ்' தாவலைத் திறந்தால் 'பக்செக்கோட்' என்று ஓர் எண் இருக்கும். அது 0 என்றால், விண்டோஸ் எதையும் பதியும் முன்பே கணினி நின்றுவிட்டது. 0 இல்லாத எண் இருந்தால் அதுதான் நமக்கு வேண்டிய துப்பு. 26 என்றால் நினைவகத்தைக் கையாள்வதில் தவறு. 292 என்றால் வன்பொருளே தன் பிழையைத் தெரிவித்திருக்கிறது. 159 என்றால் ஏதோ ஒரு டிரைவர் தூக்கநிலைக்குப் போகும்போதோ எழும்போதோ சிக்கிக்கொண்டது. அதே பட்டியலில் 1074 என்ற எண் கிடைத்தால் கவலை வேண்டாம். ஒரு நிரலோ விண்டோஸ் புதுப்பிப்போ முறைப்படி கேட்டு நடந்த மறுதொடக்கம் அது. உங்கள் கணக்கிலிருந்து அவற்றைக் கழித்துவிடுங்கள்.

எண்களைச் சேகரித்த பிறகு பார்க்க வேண்டியது, அவை ஒன்றாக இருக்கின்றனவா, முறைக்கு முறை மாறுகின்றனவா என்பது. ஒவ்வொரு முறையும் ஒரே எண், ஒரே டிரைவரின் பெயர் என்றால் குற்றவாளி பெரும்பாலும் அந்த டிரைவர்தான். இன்று ஒன்று, நாளை வேறொன்று, மறுநாள் இவை இரண்டுக்கும் தொடர்பில்லாத மூன்றாவது என்று வந்தால் ரேமைச் சந்தேகிக்க வேண்டும். ரேமில் ஒரு சிறு பகுதி பழுது என்றால், அந்தக் கணத்தில் அங்கே எந்த நிரல் குடியிருக்கிறதோ அது விழும். விழுவது வேறு வேறு நிரல்கள், இடம் ஒன்றே. பழுதான பகுதியை யாரும் தொடாத நாள்களில் ஒன்றும் நடக்காது. உங்கள் நான்கு நாள் அமைதிக்கு இது நன்றாகப் பொருந்துகிறது.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் என் மனம் போனதும் அங்கேதான். எட்டு மாதங்களுக்கு முன் ரேம், ஐந்து மாதங்களாகக் கோளாறு. நடுவில் மூன்று மாதம் நன்றாக ஓடியதால் ரேமைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டீர்கள். நான் நீக்க மாட்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒரு லேப்டாப்பை மேசையில் வைத்து இரண்டு நாள் ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை. உரியவர் வந்து, தன் பழக்கப்படி இடக்கையால் ஓரத்தைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தார். திரை கறுத்துவிட்டது. அடிமூடியைத் திறந்து பார்த்தபோது, ரேம் பலகையின் இரு பக்கமும் பிடிக்க வேண்டிய உலோகக் கொக்கிகளில் ஒன்று மட்டுமே பிடித்திருந்தது. தங்கநிறத் தொடுமுனைகளின் வரி ஒரு பக்கம் மெலிதாகவும் மறுபக்கம் சற்று அகலமாகவும் தெரிந்தது. ஒரு நகத்தின் கனம் இருக்கும். உடல் சற்று முறுக்கிக்கொண்டால் தொடர்பு விட்டுப்போகிறது. பலகையை எடுத்து, சாய்வாகச் செருகி, கீழே அழுத்தினேன். இரு பக்கமும் 'டிக்' என்று ஒலி கேட்டது. அதன் பிறகு அந்த லேப்டாப் என்னிடம் வரவில்லை.

ஆகவே ரேமைப் பார்ப்பதற்கான வரிசை இது. மூடியைத் திறக்கும் முன் மென்பொருள் வழியாகச் சோதியுங்கள். விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. தொடக்கத்துக்கு அது போதும். அதில் பிழை வராவிட்டால், ரேம் நலம் என்று முடிவுகட்டாமல், மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரலை ஒரு யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுவதும் ஓடவிடுங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும். நான்கு சுற்று முடிய வேண்டும். அதில் ஒரே ஒரு பிழை வந்தாலும் பிழைதான். ஆயிரத்தில் ஒன்றுதானே என்று சமாதானம் சொல்ல இடமில்லை. பிழை வந்தால், புதிய பலகையைக் கழற்றிவிட்டுப் பழையதை மட்டும் வைத்து மறுபடி ஓட்டுங்கள். உங்கள் மாடலில் பழைய ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கலாம். அப்படியென்றாலும் நீங்கள் கூடுதலாகப் போட்டது தனியாகக் கழன்று வரும்.

பிழையே வரவில்லை என்றாலும் அந்தப் பலகையைக் கழற்றிவிட்டு, இரண்டு வாரம் எழுதிப் பாருங்கள். வேர்டுக்குப் பழைய ரேம் போதும். சற்று மெதுவாக இருக்கும், அவ்வளவுதான். தனித்தனியே குறையில்லாத இரண்டு பலகைகள் சேர்ந்து ஓடும்போது தடுமாறுவதுண்டு. எந்தச் சோதனை நிரலையும்விட இந்த இரண்டு வாரத்தை நான் நம்புவேன். திறப்பவர் முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் கழற்றிவிட்டே ரேமைத் தொட வேண்டும். இதை நீங்களே செய்யத் தயங்கினால், அருகிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் ரேம் இல்லாதபோதும் கோளாறு தொடர்ந்தால், குற்றம் மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரிக்க ஒரு நேரான வழி இருக்கிறது. உபுண்டு போன்ற ஒரு லினக்ஸை யுஎஸ்பி டிரைவில் ஏற்றி, லேப்டாப்பில் நிறுவாமல், முயன்று பார்க்கும் முறையில் ஓட்டுங்கள். உங்கள் விண்டோஸும் அதன் டிரைவர்களும் அப்போது ஓரத்தில் தூங்கிக்கொண்டிருக்கும். அங்கேயும் திடீரென அணைந்து எழுந்தால் விண்டோஸின் மேல் பழியில்லை; மீண்டும் நிறுவுவது வீண் வேலை. நாள்கணக்கில் அங்கே ஒன்றும் நடக்காமல் விண்டோஸில் மட்டும் நடந்தால், டிரைவரையும், உள்ளே கோப்புகளைச் சேமித்து வைக்கும் டிரைவான எஸ்எஸ்டியையும் பார்க்க வேண்டும். எஸ்எஸ்டியின் உடல்நிலையை கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரல் ஒரு நிமிடத்தில் காட்டிவிடும். அதில் எச்சரிக்கை வந்தால் மற்ற சோதனைகளை நிறுத்திவிட்டு டிரைவை மாற்றுங்கள்.

டிரைவர்கள் என்றால் முதலில் கிராஃபிக்ஸ், அடுத்து வை-ஃபை. இரண்டையும் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து, உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து எடுங்கள். எல்லா டிரைவர்களையும் ஒரே சொடுக்கில் புதுப்பிப்பதாகச் சொல்லும் நிரல்களைக் கிட்டேயே சேர்க்காதீர்கள். இருந்த நல்ல டிரைவரை எடுத்துவிட்டுப் பொருந்தாததைப் போட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வைரஸ் தடுப்பு நிரல்களும் விண்டோஸின் அடித்தளத்தில் இறங்கி வேலை செய்பவையே. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பு, மைக்ரோசாஃப்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் கணினிகளை நீலத் திரையில் நிறுத்தியது. விமான நிலையங்களும் மருத்துவமனைகளும் திணறின. அத்தனை கணினிகளிலும் வன்பொருளில் ஒரு குறையும் இல்லை. வெளியார் வைரஸ் தடுப்பு நிரல் உங்களிடம் இருந்தால், அதை நீக்கிவிட்டு விண்டோஸின் சொந்தப் பாதுகாப்புடன் சில நாள் ஓட்டிப் பார்ப்பதில் தவறில்லை.

மின்சாரப் பக்கத்தைச் சோதிப்பது எளிது. சில நாள் பேட்டரியில் மட்டும், சில நாள் சார்ஜரோடு மட்டும் வேலை செய்து, நோட்டில் குறியுங்கள். சார்ஜர் செருகும் இடத்தை மெல்ல அசைக்கும்போது சார்ஜ் விளக்கு அணைந்து எரிந்தால் அந்த இணைப்பு தளர்ந்திருக்கிறது. வேறு சார்ஜர் போட்டுப் பார்ப்பதென்றால் வாட் அளவு குறையாமல் இருக்க வேண்டும். 65 வாட் கேட்கும் லேப்டாப்புக்கு 45 வாட் சார்ஜர் ஈடுகொடுக்காது. இதையெல்லாம்விட முக்கியமானது, லேப்டாப்பை மூடித் தட்டையான மேசையில் வைத்து, ஆடுகிறதா என்று பார்ப்பது. டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ, அடிமூடி புடைத்து ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியென்றால் அன்றே நிறுத்துங்கள். சார்ஜ் போடாதீர்கள், அழுத்தி மூடாதீர்கள், குத்தி நெம்பாதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். ஆய்வேட்டுக்கு வேறு கணினி கிடைக்கும்.

ஒன்றை மட்டும் இப்போது யார் சொன்னாலும் செய்ய வேண்டாம்: பயாஸ் புதுப்பிப்பு. புதிய பயாஸ் சில கோளாறுகளைத் தீர்க்கும் என்பது உண்மைதான். ஆனால் அதை எழுதிக்கொண்டிருக்கும் சில நிமிடங்களுக்குள் கணினி அணைந்தால், பிறகு எழாமலே போகலாம். எப்போது அணையும் என்று தெரியாத கணினியில் அதைத் தொடங்கக் கூடாது. இரண்டு வாரம் அமைதியாக ஓடிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மதர்போர்டு என்று நானும் எப்போது ஒப்புக்கொள்வேன் என்றால், கூடுதல் ரேம் வெளியே இருக்கிறது, மெம்டெஸ்டில் பிழையில்லை, லினக்ஸிலும் அணைகிறது, பேட்டரியில் ஓட்டினாலும் சார்ஜரில் ஓட்டினாலும் அணைகிறது, பக்செக்கோட் எப்போதும் 0 அல்லது 292 என்றே வருகிறது, இத்தனையும் சேர்ந்தால். அப்போது உங்கள் நோட்டை அந்தப் பழுதுபார்ப்பவர் முன் வைத்து, மதர்போர்டில் எந்தப் பகுதி என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். மின்சாரம் பிரிந்து செல்லும் இடத்தில் ஒரு சிறு உறுப்பு மட்டும் பழுதாகி, அதை மாற்றியே சரியாவதும் உண்டு. முழுப் பலகையும் போக வேண்டியதில்லை.

இன்றிரவு நகல் எடுத்து, மெம்டெஸ்டை ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் திரையில் என்ன இருந்தது, ஈவென்ட் வியூவரில் கிடைத்த எண்கள் எவை என்று எழுதுங்கள். அடுத்து எந்தப் பக்கம் திரும்புவது என்று அவற்றைப் பார்த்துச் சொல்கிறேன். எழுதும்போது, அந்த ரேமைப் போட்டபின் லேப்டாப் எப்போதாவது கீழே விழுந்ததா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.